கல்லின் மேல் ஒரு பூச்சி

நான் என்ன படிக்கிறேன் என்று தாராவியில் யாராவது கேட்டால், என்னை முந்திக்கொண்டு அம்மா பதில் சொல்லிவிடுவாள்: "கல்லு தேய்க்கா." கேட்டவர்கள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கமாட்டார்கள். எங்கள் சந்தில் தோல் தைப்பவர்கள், அலுமினியம் உருக்குபவர்கள், பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரிப்பவர்கள் எல்லாரும் இருந்தார்கள். கல் தேய்ப்பதும் அப்படி ஒரு வேலை என்று நினைத்திருப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிற பெண்ணைப் பற்றி இப்படியா சொல்வது என்று அம்மாவிடம் சண்டைக்குப் போவேன். இப்போது யோசித்தால் அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நான் செய்தது அதைத்தான்.

என் ஆய்வு, கல்லாகிப்போன மரங்களின் உள்ளமைப்பைப் பற்றியது. ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு தக்காணம் முழுக்க எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பாய்ந்து இறுகியது. செம்பூரிலிருந்து பார்த்தால் தெரிகிற டிராம்பே குன்றும் அந்தக் குழம்புதான், மும்பையின் பழைய சுவர்களில் இருக்கும் கருங்கல்லும் அதுதான். ஒரு பாய்ச்சலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நீண்ட இடைவெளி கிடைத்தது. அதற்குள் ஏரிகள் உண்டாயின, மரங்கள் வளர்ந்தன, விழுந்தன. சேற்றில் புதைந்த மரத்துக்குள், மணலும் கண்ணாடியும் எதனால் ஆனவையோ அந்தப் பொருள் கரைந்த தண்ணீர் புகுந்து, ஒவ்வொரு செல்லாக நிரப்பிக் கல்லாக்கிவிட்டது. வெளியே பார்த்தால் அழுக்கு நிறத்தில் ஒரு கல், அவ்வளவுதான். மெல்லியதாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், தண்ணீர் ஏறிய குழாய்களும் அவற்றின் சுவர்களில் உள்ள துளைகளும் நேற்று அறுத்த மரம்போலத் தெரியும்.

அந்தச் சீவல்தான் பாடு. கல்லை வாளால் வில்லையாக அறுத்து, ஒரு பக்கத்தை வழுவழுப்பாக்கி, கண்ணாடிச் சில்லில் கெட்டிப் பிசினால் ஒட்ட வேண்டும். பிறகு மறுபக்கத்தை, தண்ணீரும் கார்பரண்டம் பொடியும் தூவிய தடித்த கண்ணாடிப் பலகையில் எட்டுப் போட்டுப் போட்டுத் தேய்க்க வேண்டும். முதலில் கரகரவென்ற பொடி, கடைசியில் மைதா மாதிரி ஒரு பொடி. தலைமுடியின் பருமனில் பாதிக்கு மெலிந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். நிறுத்துவதில்தான் இருக்கிறது எல்லாம். இன்னும் நாலு தேய்ப்பு என்று கை ஆசைப்படும். அந்த நாலாவது தேய்ப்பில், அத்தனை கோடி ஆண்டு பொறுத்திருந்த மரம் வெளுத்த தண்ணீராகி மோரிச் சாக்கடையில் ஓடிவிடும். தப்பிப் பிழைத்ததன் மேல் இன்னொரு வகைப் பிசின் ஒரு சொட்டு விட்டு, மெல்லிய கண்ணாடியால் மூடினால் வேலை முடிந்தது. அடியில் ஒட்டிய பிசின் எதற்கும் அசையாது. மேலே விட்டது சைலீன் ஊற்றினால் கரைந்துவிடும். இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

எங்கள் வீட்டில் என்னைப் போலவே சீவுகிற இன்னொருத்தி இருந்தாள். என் அண்ணன் மனைவி. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து வழக்கப்படி அவளை மதினி என்று கூப்பிடுவேன். வடாலாவில் பிறந்து வளர்ந்தவள். செம்பூரில் ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். நோயாளி உடம்பிலிருந்து வெட்டி எடுத்த சிறு சதைத் துண்டை மெழுகில் பதித்து, இயந்திரத்தில் சீவி, சாயம் ஏற்றி, டாக்டர் பார்ப்பதற்குக் கண்ணாடிச் சில்லில் வைத்துக் கொடுப்பது அவள் வேலை. இரண்டு பேரும் ஒரே தொழில்காரிகள் என்று அண்ணன் கிண்டல் செய்வான். எனக்கு அது பிடிக்காது. நான் ஆராய்ச்சி மாணவி, அவள் இரண்டு வருட டிப்ளமோ. வெளியே சொன்னதில்லை. ஆனால் மனசில் அந்த மேட்டிமை இருந்தது. இல்லை என்று இப்போது எழுதினால் பொய்.

ஒரு ஜூலையில் மழை கொட்டித் தீர்த்தது. கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் தேங்குவது மும்பையில் செய்தியே இல்லை. அந்த வருடம் அது மாட்டுங்காவில் எங்கள் ஆய்வுக்கூடத்தின் வாசற்படி ஏறி உள்ளேயும் வந்துவிட்டது. தரைத்தளம் என்பதால் இரண்டு வாரம் மூடினார்கள். என் வழிகாட்டி, அளந்து பேசுகிற மராத்தியப் பேராசிரியர், வேலை நின்றுபோகக் கூடாது என்று என் கல்லை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னார். அது அவர் மாணவராக இருந்தபோது ஒரு பருத்திக்காட்டில் பொறுக்கியது. உள்ளங்கை அளவு. அப்படி நன்றாகப் பாதுகாக்கப்பட்ட மரம் அவருக்குப் பிறகு கிடைக்கவேயில்லை. தான் தொட்டால் கெடுத்துவிடுவோம் என்று மேசை இழுப்பறையிலேயே வைத்திருந்தாராம். என் கை நிதானமானது என்று சொல்லி, ஆய்வு தொடங்கியபோதே என்னிடம் கொடுத்திருந்தார். அறுக்கும்போது வில்லையாகக் கிடைப்பதைவிட வாள் தின்பது அதிகம். அந்த மழை வருவதற்குள் கல் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. அறுத்து வைத்த கடைசி இரண்டு வில்லைகளோடு வீட்டுக்கு வந்தேன்.

அப்பா தான் வேலை பார்க்கும் பைத் தயாரிப்புப் பட்டறையிலிருந்து, தோலின் ஓரத்தைச் சீவிச் சன்னமாக்கப் பயன்படுத்திய பழைய கண்ணாடிப் பலகை ஒன்றைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். கல்லூரியில் இருந்ததைவிட அது மேடுபள்ளம் இல்லாமல் இருந்தது. சமையல் மேடையின் ஒரு முனையில் அம்மாவின் டப்பாக்களைத் தள்ளிவிட்டு, பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். கல் போதிய அளவு மெலிந்துவிட்டதா என்று பார்க்க, அச்சடித்த காகிதத்தின் மேல் வைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். வீட்டில் தமிழ் நாள்காட்டியில் கிழித்த தாள்தான் கையில் கிடைத்தது. கல்லின் வழியாகத் தேதி தெரிந்தால் பாதி வேலை ஆயிற்று. ராகு காலம் எத்தனை மணிக்கு என்று படிக்க முடிந்தால் நிறுத்திவிடலாம். எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்கிற எனக்கு, தாராவிப் பள்ளியில் வராத தமிழ் அந்த இரண்டு வாரத்தில் கொஞ்சம் வந்தது.

மழைக்காலம் என்பதால் ரவையில் பூச்சி வைத்துவிட்டது. அம்மா திட்டிக்கொண்டே ரவையைத் தாளில் பரப்பி என் பக்கத்திலேயே புடைத்துக்கொண்டிருந்தாள். பழைய புத்தகங்களிலும் மாவு டப்பாக்களிலும் தூசிபோல ஓடுமே, வெளிறிய சின்னப் பூச்சி, அதுதான். நான் மூடுகண்ணாடியை வைக்கிற நேரத்தில் மேடையெல்லாம் அது ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி உட்காரக் கூடாதா என்று அம்மாவிடம் சிடுசிடுத்ததுகூட ஞாபகம் இருக்கிறது. தூசி படும் என்பதுதான் என் கவலை. பூச்சியைப் பற்றி நினைக்கவேயில்லை.

ஆய்வுக்கூடம் திறந்ததும் முதல் வேலையாக அந்த இரண்டு சில்லுகளையும் பார்த்தேன். ஒன்றில் வழக்கமான மரம். இரண்டாவதில், மரத்தின் நார்களை அறுத்துக்கொண்டு போகும் ஒரு துளை. ஏதோ ஒன்று குடைந்த துளை. அதற்குள் ஒரு பூச்சி.

நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்டேன். புடைத்த நெற்றி, நூல் மாதிரி உணர்கொம்புகள், பருத்த தொடை, கால் நுனியில் கொக்கி, உடம்பில் ரோமம்கூட ஒவ்வொன்றாகத் தெரிந்தது. உணர்கொம்பின் கணுக்களை எண்ணி வரைந்தேன். புத்தகங்களில் தேடினால், மரப்பட்டையில் வாழ்கிற ஒரு பழைய பூச்சிக் குடும்பத்தோடு பொருந்தியது. மரத்தையும் அதைக் குடைந்த பூச்சியையும் ஒரே கல்லில், உறுப்பு குலையாமல் பார்ப்பது எங்களைப் போன்றவர்கள் வாழ்நாளில் ஒருமுறை காணும் கனவு. வழிகாட்டியைக் கூப்பிட்டேன். அவருக்குக் கண்புரை அறுவைக்கு நாள் குறித்திருந்த சமயம் அது. குனிந்து வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். மூன்று வாரத்தில் ஒரு கருத்தரங்குக்குச் சுருக்கம் அனுப்பக் கடைசித் தேதி இருந்தது. இதையே அனுப்பலாம், இரண்டு பேர் பெயரிலும் போகட்டும் என்றார். என் பெயரை முதலில் போடச் சொன்னார்.

வீட்டில் கேட்கவே வேண்டாம். பூச்சியின் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அப்பா பட்டறை முழுக்கப் பேடா கொடுத்தார். கல்லு தேய்க்கிற பெண் அன்றோடு பூச்சி கண்டுபிடித்த பெண் ஆகிவிட்டாள். அதுவும் அம்மா வாயால்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மதினி பீர்க்கங்காய் சீவிக்கொண்டிருந்தாள். அம்மா குழாயடிக்குப் போகிறவரை காத்திருந்துவிட்டு, அந்தப் படத்தை இன்னொரு தடவை காட்டச் சொன்னாள். கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு தணிந்த குரலில் கேட்டாள்.

"ஏ பிள்ள, பூச்சி நல்லா ஷார்ப்பா இருக்கு. பின்னால மரம் மங்கலா இருக்கே. ரெண்டும் ஒரே மட்டத்துல இருந்தா ரெண்டும்லா தெளிவா விழணும்?"

எனக்குச் சுருக்கென்றது. போனை வாங்கிக்கொண்டேன்.

"இது உங்க ஆஸ்பத்திரி ஸ்லைடு இல்ல மதினி. இதெல்லாம் உங்களுக்குப் புரியாது."

அவள் முகம் மாறவில்லை. மறுபடி பீர்க்கங்காயை எடுத்துக்கொண்டாள்.

"சரி பிள்ள. மேலயும் கீழயும் ஃபோகஸ் பண்ணி ஒரு மட்டம் பாத்துரு. அவ்வளவுதான் சொல்லுதேன்."

ஒரு மட்டம் என்றால் எங்கள் பக்கத்தில் ஒரு தடவை. மைக்ராஸ்கோப்பின் திருகை மேலும் கீழும் அசைத்துப் பார்க்க அரை நிமிடம் போதும். மூன்று நாள் நான் அதைச் செய்யவில்லை. தினமும் மாட்டுங்காவுக்கு நடந்தேன், ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்தேன், சுருக்கத்தைத் தட்டச்சு செய்தேன், அந்தச் சில்லை மட்டும் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. மதினியோடு பேசுவதையும் நிறுத்திவிட்டேன். அவள் சாப்பாடு வைத்தால், பசிக்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் சொன்னது தப்பு என்று நம்பியிருந்தால் முதல் நாளே பார்த்திருப்பேன் என்பது எனக்கே தெரிந்திருந்தது.

நாலாவது நாள் காலையில் பார்த்தேன். பூச்சி தெளிவாக இருந்தபோது மரம் பனிமூட்டத்துக்குள் இருந்தது. திருகை மயிரிழை அசைத்தேன். மரத்தின் செல்கள் கூர்மையாக எழுந்து வந்தன, பூச்சி கரைந்து மறைந்தது. பூச்சி கல்லுக்குள் இல்லை. கல்லுக்கும் மூடுகண்ணாடிக்கும் நடுவில், நான் ஒரு சொட்டு விட்ட பிசினில் கிடந்தது. உடனே ரவையும், அம்மா புடைத்த தாளும், மேடையில் ஓடிய பூச்சிகளும் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. ஆறரைக் கோடி ஆண்டு என்று நான் பேடா கொடுக்க வைத்த பூச்சிக்கு வயது மூன்று வாரம்.

என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். முதலில் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன். சில்லு என்னிடம் இருக்கிறது. வழிகாட்டிக்குக் கண் சரியில்லை. சுருக்கத்தில் போகப் போவது ஒரு படம், அதையும் நான்தான் எடுக்கிறேன். மரமும் பூச்சியும் சேர்ந்து தெளிவாகத் தெரிகிற மாதிரி இரண்டு படங்களை ஒட்டுவது கம்ப்யூட்டரில் பத்து நிமிட வேலை. இதையெல்லாம் நான் நினைத்தேன். வரிசையாக, நிதானமாக நினைத்தேன். பிறகு அந்தச் சுருக்கத்தின் தலையில் என் பெயருக்கு அடுத்ததாக அவர் பெயர் இருந்ததைப் பார்த்தேன். வாழ்நாள் முழுக்க ஒரு வார்த்தையைக்கூட உறுதி இல்லாமல் அச்சுக்கு அனுப்பாத மனிதர். தன்னுடைய ஒரே நல்ல கல்லை என் கையை நம்பிக் கொடுத்தவர். என்றைக்காவது யாராவது அந்தச் சில்லை வாங்கிப் பார்த்துத் திருகை அசைத்தால், அவமானம் எனக்கு மட்டும் வராது. எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன்.

அன்று மத்தியானமே அவர் அறைக்குப் போனேன். இந்தியில் ஆரம்பித்து, தடுமாறி, ஆங்கிலத்துக்குத் தாவி ஒரு வழியாகச் சொல்லி முடித்தேன். ஆய்வை விட்டு அனுப்பிவிடுவார் என்றே நினைத்தேன். அவர் கோபப்படவில்லை, கேள்விதான் கேட்டார். இதை முதலில் கவனித்தது யார்? என் அண்ணி என்றேன். என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டார். சொன்னேன். அவர்களுக்கு நம்மைவிட நல்ல பழக்கம் இருக்கிறது, அழைத்து வா, மூடுகண்ணாடியை அவர்களே எடுக்கட்டும் என்றார்.

அன்று சாயங்காலம் மதினி வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன். நீங்க சொன்னதுதான் மதினி சரி என்று. மன்னிப்பு கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் கட்டிக்கொண்டு வந்த வாக்கியத்தை மட்டும் சொல்லவில்லை. அவள் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. சாருக்கிட்ட சொல்லியாச்சா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றதும் பெரிதாக மூச்சு விட்டாள். அந்த மூச்சுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அவளுடைய வார விடுமுறையில் ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். நல்ல புடவை கட்டி, பூ வைத்திருந்தாள். சில்லைச் சைலீன் கிண்ணத்தில் சாய்த்து வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் பொறுமையில்லாமல் இடுக்கியோடு நெருங்கியபோது என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நீயா இழுக்காத. அது தானா நழுவி வரும்."

நழுவி வந்தது. பிசின் இளகி, மூடுகண்ணாடி தண்ணீரில் இலை போல ஒதுங்கியது. அதோடு பூச்சியும் வந்தது. மதினி அதை ஊசி முனையில் எடுத்து இன்னொரு சில்லில் வைத்தாள். கல் அடியில் பத்திரமாக இருந்தது. வழிகாட்டி அதைப் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். என் பத்து நாள் புகழ் அத்தோடு தீர்ந்தது. நான் சில்லைப் பெட்டியில் வைக்கப் போனேன்.

மதினி விடவில்லை. தான் ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். தினமும் செய்கிற பழக்கம், ஓரத்திலிருந்து ஆரம்பித்து வரிசை வரிசையாகப் பார்த்தாள். துளைக்கு வந்ததும் நின்றாள்.

"பூச்சி மேல இருந்துச்சு, சரி. ஓட்டை கல்லுல தான இருக்கு? அதுக்குள்ள கசகசா மாதிரி கெடக்கே, அது என்ன?"

நான் அதை முன்பே பார்த்திருக்கிறேன். தாது மணிகள் என்று குறிப்பேட்டில் ஒரு வரி எழுதி ஒதுக்கியிருந்தேன். பூச்சியின் கணுக்களை எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு அதன் அடியில் கிடந்ததைப் பார்க்க நேரமில்லை. இப்போது மதினி எழுந்து இடம் விட, பெரிதாக்கிப் பார்த்தேன். நீள்வாக்கில் வெட்டுப்பட்டவை குட்டிப் பீப்பாய் மாதிரி இருந்தன. குறுக்கே வெட்டுப்பட்டவற்றுக்கு ஆறு பக்கம். ஒன்றல்ல, எல்லாவற்றுக்கும் ஆறு பக்கம். திருகை அசைத்தேன். அவையும் மரமும் ஒன்றாகத் தெளிந்தன, ஒன்றாக மங்கின.

வழிகாட்டியை நாற்காலியில் உட்கார வைத்தேன். அவர் குனிந்தவர் நிமிரவில்லை. பிறகு மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. காய்ந்த மரத்தைத் தின்று வாழும் கரையான் வகை ஒன்று உண்டு. தண்ணீரை வீணாக்காமல் கடைசிச் சொட்டுவரை பிழிந்து எடுத்துக்கொண்டு எச்சத்தை வெளியேற்றும். அந்தப் பிழிவில் எச்சத்துக்கு ஆறு பக்கம் விழுந்துவிடும். அதைத்தான் இத்தனை நாள் நாங்கள் தாது என்று வைத்திருக்கிறோம் என்றார். நான் தமிழில் சொன்னேன். மதினி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப ஆறரைக் கோடி வருசத்துப் பீயா இது?"

சுருக்கத்தை முழுக்க மாற்றி எழுதினோம். அதில் பூச்சியே கிடையாது. ஒரு மரம், அதைக் குடைந்த துளை, குடைந்தது விட்டுப்போன எச்சம். ஒப்பிட்டுக் காட்ட இன்றைய கரையானின் எச்சம் வேண்டும் என்று வழிகாட்டி சொன்னபோது, அதற்கும் மதினியிடம்தான் போய் நின்றேன். வடாலாவில் அவள் அம்மா வீட்டு மரப் பரணுக்குக் கீழே தினமும் காலையில் கசகசா கொட்டிக் கிடக்குமாம். கூட்டித் தள்ளிக் கைசலித்த விஷயம் அது. அவள் வேலை முடிந்ததும் செம்பூரிலிருந்து மோனோ ரயிலில் இரண்டு பேரும் போனோம். அவள் அம்மா எனக்குக் காபி கொடுத்துவிட்டு, குப்பையை எதற்குக் காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் அள்ளுகிறோம் என்று கடைசிவரை புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், வடாலாப் பரணுக்கும் எங்கள் கல்லுக்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. அதே பீப்பாய், அதே ஆறு பக்கம். எவ்வளவோ எரிமலைக்கும் வெள்ளத்துக்கும் அப்பால் கரையான் தன் வயிற்றுப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை என்பது எனக்கு என்னவோ ஆறுதலாக இருந்தது.

எங்கள் சந்தில்தான் விளக்கம் சொல்லி மாளவில்லை. பேடா தின்றவர்களிடம், பூச்சி இல்லையாம், அதன் கழிவுதானாம் என்று அம்மா எப்படிச் சொல்வாள்? அவள் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். பழையபடி, கல்லு தேய்க்கா என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். இந்தத் தடவை நான் சண்டை போடவில்லை.

இப்போது செம்பூரில் ஒரு கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கிறேன். ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் மாணவர்கள் கையில் நான் கொடுப்பது அந்தப் பூச்சிச் சில்லைத்தான். ஓரத்தில் ஒட்டிய சீட்டில் மதினியின் கையெழுத்தில், 'தாராவி, ரவை டப்பா' என்று இருக்கும். சீட்டை மறைத்துவிட்டு வயது என்ன இருக்கும் என்று கேட்பேன். கோடிகளில் பதில் வரும். அப்புறம் சீட்டைக் காட்டி, நடந்ததை மறைக்காமல் சொல்லி, திருகை மேலும் கீழும் அசைக்கக் கற்றுக்கொடுப்பேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

என் ஆய்வேடு தைத்துக் கைக்கு வந்த அன்று, முதல் பிரதியை எடுத்துக்கொண்டு தேவ்நாருக்குப் போனேன். அதற்குள் அண்ணனும் மதினியும் அங்கே குடிபோயிருந்தார்கள். நன்றி சொல்லும் பக்கத்தில் வழிகாட்டியின் பெயருக்கு அடுத்த வரியில் மதினியின் பெயர் இருந்தது. அண்ணி என்று போடவில்லை. அவள் படிப்பையும் வேலையையும் சொல்லி, இந்த ஆய்வின் பெரிய பிழையைக் கண்டுபிடித்தவர் என்று எழுதியிருந்தேன். அவள் விரல் வைத்து இரண்டு தடவை படித்தாள். இதற்கு மேலும் தள்ளிப்போட முடியாது என்று, அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பேசிய பேச்சுக்கு அன்றைக்குத்தான் மன்னிப்பு கேட்டேன். நான் அவ்வளவு கோபப்பட்டும் மறுபடி எப்படிச் சொல்லத் தோன்றியது உங்களுக்கு என்றும் கேட்டேன்.

அவள் புத்தகத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள். கல்யாணத்துக்கு முன்பு, வேலைக்குச் சேர்ந்த புதிது. சதைச் சீவல்களைத் தண்ணீரில் மிதக்கவிட்டுத்தான் சில்லில் ஏற்றுவார்கள். ஒருநாள், முந்தின நோயாளியின் சதையில் ஒரு துணுக்கு தண்ணீரில் தங்கி, அடுத்த பெண்ணின் சில்லில் ஏறிவிட்டது. சில்லுகள் அடுக்கிய தட்டு டாக்டரிடம் போன பிறகுதான் இவளுக்குச் சந்தேகம் வந்தது. டாக்டருக்குத் தெரியாதா, நாம் போய்ச் சொன்னால் வேலை போய்விடுமே என்று பேசாமல் இருந்துவிட்டாள். ஒரே ஒரு நாள். மறுநாள் சோறு இறங்காமல், ஓடிப்போய்ச் சொல்லிவிட்டாள். மறுபடி சோதித்துப் பார்த்துத் திருத்திக் கொடுத்தார்கள். ஆனால் அதற்கு முந்தின சாயங்காலமே அந்தப் பெண்ணிடம் புற்றுநோய் என்று சொல்லியாகிவிட்டது.

"ஒரு ராத்திரி முழுக்க அந்தப் பொம்பள தன் பிள்ளைகளப் பாத்துட்டு உக்காந்திருந்தாளாம். நான் சொன்னேன் பிள்ள, சொல்லாம இல்ல. ஒரு நாள் லேட்டா சொன்னேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உன் பூச்சிப் படத்தைப் பார்த்த அன்றைக்கு, நீ என்ன திட்டினாலும் பரவாயில்லை என்று நினைத்துத்தான் வாயைத் திறந்தேன் என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பீர்க்கங்காய் சீவிய கை, என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திய கை. அவள் ஆய்வேட்டை மூடி, என் பக்கம் தள்ளினாள்.

"ஒரு மட்டம் பாத்துருன்னு எனக்கு அன்னைக்குச் சொல்ல ஆளு இல்ல. உனக்கு நான் இருந்தேன்லா."